வரி தனி

ஹரிபாபு அம்சவேணியை மணந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி ஷோபா காய்ச்சலில் இறந்து மூன்று வருடமாகியும், மகள் பிரித்திகாவுக்காகவே யோசித்து யோசித்துத் தள்ளிப்போட்டவன், கடைசியில் அக்கா சந்திரம்மா வற்புறுத்தியதால் சம்மதித்தான். அம்சவேணி பாலசமுத்திரத்துக்காரி. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி பஸ் ஹரிபாபு இருந்த திருப்பதிக்கும் வரும் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடவில்லை.

பத்து வயதுப் பிரித்திகா அவளிடம் மரியாதையாகவே நடந்துகொண்டாள். கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் எந்த முறை சொல்லியும் கூப்பிடமாட்டாள். அருகில் வந்து நிற்பாள், அம்சவேணி திரும்பிப் பார்த்த பிறகுதான் பேசுவாள்.

தசரா விடுமுறையில் சென்னைப் பக்கம் இருக்கும் பெரிய தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவதாக ஹரிபாபு மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். லாட்ஜில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அவனுக்குச் செலவைப் பற்றி முன்கூட்டி யோசிக்கும் பழக்கம் கிடையாது. டிக்கெட்டை போனில் போட்டது அம்சவேணிதான். விளம்பரத்தில் பார்த்தது ஒரு தொகை, பணம் கட்டும் இடத்தில் வந்தது வேறு தொகை. வரி தனி. மூன்று பேருக்கும் சேர்ந்த வரி, அவள் சிற்றுண்டிக்கென்று ஒதுக்கியிருந்ததை விழுங்கிவிட்டது. வெளிச்சாப்பாடு உள்ளே அனுமதி இல்லை என்றும் போட்டிருந்தது. உள்ளே என்ன விலை என்று ஏற்கெனவே போய்வந்த கம்பெனித் தோழியிடம் விசாரித்து, வரியையும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒரு சின்னப் பர்ஸில் தனியாக வைத்தாள். காலை டிபனுக்குப் புளிச்சோறு கட்டினாள். அதை வாசலிலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம்.

விடியற்காலைப் பஸ்ஸில் இதையெல்லாம் ஹரிபாபுவுக்கு விளக்கினாள். மதியச் சாப்பாடு இவ்வளவு, தண்ணீர் பாட்டில் இவ்வளவு, சாயங்காலம் ஆளுக்கு ஒரு காபி. இதற்கு மேல் கை வைத்தால் மாசக் கடைசியில் இழுக்கும் என்றாள். ஹரிபாபு தலையாட்டிக்கொண்டே தூங்கிப்போனான். ஜன்னலோரம் இருந்த பிரித்திகா தூங்கவில்லை.

வாசலில் புளிச்சோற்றை அவள் இரண்டு வாய் தின்றுவிட்டுப் போதும் என்றாள். உள்ளே போனதும் ஹரிபாபு பாப்கார்ன் வாங்கப் போனான். வேண்டாம் என்று தடுத்தாள். ஐஸ்கிரீமும் வேண்டாம். தண்ணீர்ச் சறுக்கில் மட்டும் சலிக்காமல் ஏறி இறங்கினாள். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் விலைப்பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசியில் சின்ன எழுத்தில் வரி தனி என்று இருந்ததையும் படித்துவிட்டு, தயிர்சாதம் போதும் என்றாள். அதிலும் பாதியை ஒதுக்கிவைத்தாள்.

ஹரிபாபுவுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் கூட்டிவந்தும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறாளே என்று முணுமுணுத்தான். அம்சவேணிக்கும் அப்படித்தான் பட்டது. தன்னோடு வரப் பிடிக்கவில்லைபோலும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிவாக்கில் பெரிய ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும்போது பிரித்திகா வெளுத்துப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அம்சவேணி அவளைத் தாங்கி மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்தாள். கை சில்லென்று இருந்தது. ஹரிபாபு பதறிப்போய் முதலுதவி அறையைத் தேடி ஓடினான்.

அம்சவேணி புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்து, காலையிலிருந்து ஏன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கேட்டாள். பசியில்லை என்றாள் பிரித்திகா. மறுபடி கேட்டபோது கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க நான் துன்றதெல்லாம் எண்ணிக்கினு இருப்பீங்களாம். சந்திரம்மா அத்தை சொல்லிச்சு. பஸ்ல நீங்களும் எண்ணிக்கினுதான இருந்தீங்க."

அம்சவேணிக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. பஸ்ஸில் எண்ணியது உண்மைதான். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு வந்ததும் உண்மைதான்.

"ஆமா, எண்ணினேன்," என்றாள். "எங்க வீட்ல நாலு பேர் இருந்தோம். எங்க நைனா எண்ணாம செலவு பண்ணிட்டு வந்து நிப்பாரு. கடைசில யாருக்குச் சோறு இல்லயோ அது நானா இருக்கும். உனுக்கு அப்படி ஆவக்கூடாதுன்னுதான் எண்ணினேன். மூணு பேருக்கும் வயிறு ரொம்பத்தான் இது."

அம்சவேணி பர்ஸை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"இதுல தொள்ளாயிரத்துக்கு மேல கீது. இனிமே நீயே பாத்துக்க. உனுக்கு இன்னா வேணுமோ வாங்கித் துன்னு. தீந்தா தீந்துச்சு. நான் கேக்கமாட்டேன்."

அதற்குள் ஹரிபாபு ஒரு நர்ஸோடு வந்துவிட்டான். நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, வெறும் வயிற்றில் வெயிலில் ஆடியதுதான், ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள் என்று குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துப் போனாள். என்ன ஆயிற்று என்று கேட்ட கணவனிடம் அம்சவேணி, "பசிதான்," என்று மட்டும் சொன்னாள். அவனுடைய அக்கா சொன்னதைப் பற்றி அவள் அப்போது பேச்சை எடுக்கவில்லை.

பிரித்திகா எழுந்து நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். சிக்கன் ஃப்ரைடு ரைஸ் கேட்டாள். பில்லை வாங்கிப் பார்த்து, வரி ஏன் இரண்டு தடவை போட்டிருக்கிறது என்று கவுண்டரில் இருந்தவரை விசாரித்தாள். பாதி மத்திய அரசுக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு என்றார் அவர்.

"நாங்க திருப்பதி. ஆந்திரா," என்றாள் பிரித்திகா.

"துன்றது இங்கதானே பாப்பா," என்றார் அவர்.

அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் கொடுத்தாள். தட்டு காலியாகும்வரை தலை நிமிரவில்லை. பிறகு மீதியை எண்ணிப் பார்த்து, பெரியவர்களுக்கு இரண்டு காபி வாங்கி வந்தாள். ஹரிபாபு காபியைக் குடித்துவிட்டு, ஒரு பஜ்ஜித் தட்டு வாங்கலாமா என்று இழுத்தான். பிரித்திகா விலையைப் பார்த்துவிட்டு வந்து, வேண்டாம் நைனா, ரொம்ப அதிகம் என்றாள். அவன் பரிதாபமாக அம்சவேணியைப் பார்த்தான். அவள் பர்ஸ் தன்னிடம் இல்லை என்று கையை விரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து பிரித்திகாவே மனமிரங்கி ஒரு தட்டு வாங்கிவந்து நடுவில் வைத்தாள். மூவரும் சேர்ந்து தின்றார்கள்.

அதன் பிறகு ராட்டினத்தில் ஏறினார்கள். உச்சியில் அது ஒரு கணம் நின்றபோது அம்சவேணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பக்கத்துக் கம்பியைத் தேடினாள். கையில் அகப்பட்டது பிரித்திகாவின் முழங்கை. இறங்கும்வரை விடவில்லை.

திரும்பும்போது ஊத்துக்கோட்டையில் பஸ் சற்று நேரம் நின்றது. கழிப்பறைக்கு அம்சவேணியும் பிரித்திகாவும் இறங்கினார்கள். திரும்பி நடந்துவருகையில் பிரித்திகா தானாகவே பேசினாள்.

"எங்க அம்மா ராட்டினத்துல ஏறவே மாட்டாங்க. தல சுத்துமாம்."

இந்த ஐந்து மாதத்தில் அவள் ஷோபாவைப் பற்றி அம்சவேணியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீ மேல ஏறினா அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"கீழ நின்னு கையாட்டிக்கினே இருப்பாங்க. நான் எந்தப் பக்கம் சுத்தினாலும் அந்தப் பக்கம் வந்து நின்னுக்குவாங்க."

"கூட்டத்துல உனுக்குத் தெரியுமா?"

"மஞ்சப் பொடவ கட்டிக்கினு வருவாங்க. தெரியும்."

கண்டக்டர் விசில் ஊத, இருவரும் கொஞ்சம் ஓடி வந்து ஏறினார்கள். ஹரிபாபு ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் இடத்திலும் சரிந்து தூங்கிவிட்டிருந்தான். அவனை எழுப்ப மனமில்லாமல் இருவரும் பின்னால் போய், காலியாக இருந்த இருக்கையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நாகலாபுரம் தாண்டும்வரை பிரித்திகா அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.