மாதிரித் தோட்டம்

கணவன் அஸ்மின் மௌத்தாகி, விதவையான பிறகும் முஃபீதா வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகவில்லை. அதற்குக் காரணம், புத்தளம் கரைத்தீவில் வீட்டுக்குப் பின்னால் கிடந்த கொஞ்ச மணலும் அதன் நடுவில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணறும்தான். மாரி பிறந்ததும் மிளகாய்க் கன்று நடுவாள். அது ஓய்ந்தால் கத்தரி, வெயில் ஏறினால் மரவள்ளி. மகள் ஷிஹாராவின் பள்ளிக்கூடச் சப்பாத்து வரைக்கும் அந்த மணலே பார்த்துக்கொண்டது.

மிளகாய் சிவந்து நின்ற தை மாதத்தில்தான் நலன்புரிச் சங்கத் தலைவர் நெய்னாரின் கண் அதில் விழுந்தது. தலைவராக இருப்பதைத் தவிர நெய்னாருக்கு வேறு தொழில் தெரியாது. மறுநாளே வேலியில் பலகை ஏறியது: 'மாதிரித் தோட்டம்.' மேலே நெய்னாரின் பெயர், படத்தோடு. கீழே முஃபீதாவின் பெயர், பொடி எழுத்தில்.

"கொழும்பிலேந்து அமைச்சுப் பெரியவர் ஒருத்தர் பாக்க வாறார், தங்கச்சி. கிணத்த ஆழமாக்கோணும்."

"எனக்கு இந்தத் தண்ணி போதும், நானா," என்றாள் முஃபீதா, அவரை அண்ணன் முறை வைத்து.

"உனக்குப் போதும். மாதிரிக்குப் போதாது. எங்கட ஊர்க் கிணத்த எட்டிப் பாத்தா தலை சுத்தும், தெரியுமா? ஆழம் போகப் போகத்தான் தண்ணி இனிக்கும்."

'எங்கட ஊர்' என்றால் யாழ்ப்பாணம். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்துப் புலிகளால் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டவர்கள் அவருடைய வாப்பாவும் உம்மாவும். நெய்னார் பிறந்தது அதற்குப் பிறகு, புத்தளத்தில். காணாத கிணற்றில் அவர் தண்ணீர் குடித்த கதை குடியிருப்பில் எல்லோருக்கும் பாடம்.

ஆனால் முஃபீதாவும் அந்த ஊர்க் கதையைத் தின்று வளர்ந்தவள். பாறையைக் குடைந்த கிணறு, சீனி போட்டது போலத் தண்ணீர் என்று அவளுடைய வாப்பாவும் சொல்வார். மௌத்தான வாப்பாவின் சொல்லை எப்படிப் பொய்யாக்குவது? "ஓம்" என்றாள்.

பாறைக்குச் சரியானது மணலுக்குச் சரியில்லை. கரைத்தீவில் மழைத்தண்ணீர் மணலுக்கடியில் பாலாடை போல மெல்லிதாகக் கிடக்கிறது; அதற்குக் கீழே இருப்பது கடல் நுழையும் களப்பின் உப்புத் தண்ணீர். சங்கம் கொண்டுவந்த தோண்டும் இயந்திரம் அந்தப் பாலாடையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. நெய்னார் முதல் வாளியை அள்ளி, பிஸ்மி சொல்லி, கமராவைப் பார்த்துக் குடித்தார். முகம் சுருங்கியது.

"சத்துள்ள தண்ணி," என்றார்.

சித்திரையில் கத்தரி இலைகளின் ஓரம் கருகியது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பியபோது மரவள்ளி மொட்டைக் கம்பாக நின்றது. அடுத்த தெருவிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிப் பார்த்தாள். மணல் குடித்தது; செடி குடிக்கவில்லை.

பெரியவர் வருவதற்கு முதல்நாள், நெய்னார் புத்தளம் சந்தையிலிருந்து ஒரு மூட்டைக் கத்தரிக்காயும் நூல்கட்டையுமாக முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார்.

"இலைக்கு என்ன செய்ற நானா?"

"பெரியவங்க காயத்தான் பாப்பாங்க."

முஃபீதா செத்த செடிகளில் காய் கட்டத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பஸீனா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இது மாதிரித் தோட்டமில்லடி. தோட்டம் மாதிரி."

"சிரிக்க வைக்காத, முடிச்சு அவிழுது," என்றாள் முஃபீதா. அவள் சிரிக்கவில்லை.

பெரியவர் மாலையோடு நின்று பேசினார். வறட்சியிலும் இலையில்லாமலே காய்க்கும் இந்த இனம் நாட்டுக்கே முன்னுதாரணம் என்றார். போகும்போது விதை கேட்டார். "இன்ஷா அல்லாஹ், அனுப்பி வைக்கிறம்," என்றார் நெய்னார்.

மறுபடி மாரி வந்தது. மழை உப்பைக் கழுவும் என்று நம்பி, முஃபீதா மிளகாய்க் கன்று நட்டாள். மழை விட்ட நாட்களில் ஊற்றுவதற்கு அந்தக் கிணற்றை விட்டால் வேறு இல்லை. ஊற்றினாள். கன்றுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

நெய்னார் வந்து பார்த்தார். கவலைப்படவில்லை. "உப்பு வந்தா என்ன, இறால் வளக்கலாம். சங்கத்துல பேசிட்டன்."

"உங்கட ஊர்ல இறாலும் கிணத்துக்குள்ளதானா நானா வளத்தாங்க?"

அவர் யோசித்தார். "ஓம். பெரிய பெரிய இறால்."

அடுத்த கிழமை முஃபீதா பஸீனாவோடு லொறியில் ஏறினாள். கற்பிட்டிப் பக்கம் யாரோ ஒருவரின் வெங்காயப் பாத்திகள், கண்ணுக்கெட்டியவரை பச்சை. மேற்பார்வைக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"தோட்ட வேலை ஏதும் தெரியுமா?"

"தெரியாது," என்று சொல்லிவிட்டு, களை பிடுங்கக் குனிந்தாள்.