சரஸ்வதி பூஜையன்று நிறுவப்பட்டது

1.

வாசகருக்கு, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணினி ஓயாமல் இரைந்ததால் மயிலாப்பூரில் தௌஃபீக்கின் ரிப்பேர் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் லேப்டாப்போடு ஒரு பெண். மதுவந்தி என்பது நான் வைத்த பெயர். அவள் கடைசியாகக் கேட்ட ஒரு கேள்வி மட்டும் நிஜம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

மதுவந்தி இயல்பிலேயே துணிச்சலான

(இல்லை. துணிச்சல்காரி புனே வேலைக்குக் கணவனுக்குத் தெரியாமல் விண்ணப்பிப்பாளா?)

3.

மறுபடி தொடங்குகிறேன். அவள் கணவன் பரத்வாஜ் காபியை நீட்டிக்கொண்டே சொன்னான்: "புனேல குளிர் ஜாஸ்தியாமே. ஸ்வெட்டர் எடுத்து வெச்சுண்டியோ?"

புனே பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அவன் ஆபீஸ் போனதும், வேவு பார்க்கும் நிரல் ஏதாவது இருக்கிறதா என்று லேப்டாப்பில் திரைக்குப் பின்னால் ஓடுபவற்றின் பட்டியலைத் திறந்தாள். நூற்றுக்கு மேல் இருந்தன. ஒவ்வொரு பெயராக இணையத்தில் தேடினாள்.

(எதில் தேடினாள்? அதே லேப்டாப்பில் என்றால் அவன் பார்த்திருப்பான். பக்கத்து வீட்டு ஷ்ரேயாவின் போனில் என்று மாற்றுகிறேன்.)

எல்லாமே இயல்பானவை, பயப்படாதீர்கள் என்றது இணையம். சந்தேகப்பட்ட ஒன்றை நிறுத்தினாள். திரும்பவும் வந்து உட்கார்ந்தது. நல்லவையும் அப்படித் திரும்பி வருமாம்.

[பரத்வாஜை வில்லனாக்க எனக்கு வரவில்லை. அவளுடைய தைராய்டு மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் எடுத்துத் தருகிறான். எங்கே இருக்கிறாய் என்று மணிக்கொருதரம் கேட்கிறான். இதில் எது சாதாரணம் என்று கல்யாணமானதிலிருந்து அவளுக்கே பிடிபடவில்லை.]

4.

தௌஃபீக் பட்டியலைப் பார்த்தான். "பேரப் பாத்து ஏமாறாதீங்க மேடம். எல்லாம் விண்டோஸ் பேருதான். எங்க குந்திகினு கீதுன்னு பாக்கணும்."

மற்றவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஒன்று மட்டும் அதே மாதிரி பெயரோடு, அவளுடைய சொந்தக் கோப்புகளுக்கு நடுவே ஒளிந்திருந்தது. தயாரித்த நிறுவனத்தின் கையொப்பம் இல்லை. நிறுவிய தேதியைப் படித்துவிட்டு, அன்றைக்கு லேப்டாப் யார் கையில் இருந்தது என்று கேட்டான்.

சரஸ்வதி பூஜை. அவர்கள் வீட்டில் புத்தகங்களோடு லேப்டாப்பையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தால் மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. பூஜை செய்தவன் பரத்வாஜ்.

தூக்கிடட்டுமா என்றான் தௌஃபீக்.

"எடுத்தா அவருக்குத் தெரிஞ்சுடுமா?"

"அவருக்குப் போறது டக்குனு நின்னா தெரியாம இன்னா பண்ணும்?"

5.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

எடுத்துவிடுகிறாள். சாயங்காலமே, "லேப்டாப்புக்கு என்ன ஆச்சு?" என்று அன்பாக விசாரிக்கிறான்.

விட்டுவைக்கிறாள். வெள்ளிக்கிழமை புனே வேலைக்கான ஆன்லைன் நேர்காணல் தொடங்கும் நேரம் பார்த்து, அம்மாவுக்கு மயக்கம், உடனே வா என்று போன் செய்கிறான்.

ஷ்ரேயாவின் போனில் நேர்காணலுக்கு உட்காருகிறாள். ஷ்ரேயாவின் அம்மா மாடிப்படியில் அவனிடம், "உங்காத்துக்காரி எங்காத்துலேர்ந்து யாரோடயோ இங்கிலீஷ்ல பேசிண்டிருந்தாளே" என்கிறாள். அந்த மாமிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

6.

எந்தக் கஷ்டத்தையும் வரிசைப்படுத்திக் கடிதமாக எழுதினால் வழி பிறக்கும் என்று நம்பியவன் நான். இங்கே அவளுக்காக எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அவன்தான் முதலில் படிக்கிறான். நாலாவது முடிவு எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதாதீர்கள். அவளுக்கும் எழுதாதீர்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.