ஓட்டத்துக்கு ஒன்று, இழுவைக்கு ஒன்று

என் மனிசனுக்கு வேகம் என்றால் பைத்தியம். ஸுஹைரின் வாடகைக் கார் எங்கள் பட்டறையில் பிரிந்து கிடந்த அன்றைக்கே சொன்னேன், கேட்டால்தானே!

மேசையில் இரண்டு கேம் சாப்ட் கிடந்தன. எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டுகள். ஒன்று அந்தக் காரின் பழையது. மற்றது, அதே மாதிரிக் காரில் பந்தயம் ஓடிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போனது. அதில் வால்வைத் தள்ளுகிற மேடுகள் உயரம்.

"உயரமானது ஓட்டத்துக்கு, பழையது இழுவைக்கு," என்றார் இவர்.

"அவன் ஆள் ஏத்துறவன். இழுவைதானே வேணும்?"

"உமக்கென்னப்பா தெரியும்? சீனன்குடாவுக்குப் பறப்பான், பாரும்."

ஸுஹைரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உயரமானதையே பூட்டிவிட்டார். "அருளம்பலம் அண்ணன் போட்டாச் சரி," என்று அந்த அப்பாவியும் காரைக் கொண்டுபோனான்.

யப்பான்காரன் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட காலை, ஸுஹைர் தன் உம்மாவையும் அயல் பிள்ளைகளையும் நெருக்கி ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் கார் முக்கி முக்கி நின்றுவிட்டது.

"பாரம் கூடிப்போச்சு மகன். நீ பிள்ளையளைக் கொண்டுபோ, நான் பிறகு வாறன்," என்று உம்மா இறங்கிக்கொண்டார். கார் ஏறிப் போனது. அவன் திரும்பி வந்தபோது குண்டு பட்ட உம்மாவின் மையித்துதான் கிடந்தது.

அதன் பிறகு பட்டறைக்கு வந்து இருப்பான். "பாரத்தைக் கூட ஏத்திட்டன் அண்ணன். நான்தான் உம்மாவக் கொண்டுட்டன்," என்பான். பிறகு தானே கண்ணைத் துடைத்து, "எண்டாலும் அந்தப் பிள்ளையளுக்காகத்தானே இறங்கினா," என்பான். இவர் தலை நிமிரமாட்டார். வீட்டில் சோறும் இறங்காது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் துலையுங்கோ! அவன்ர மனப்பாரமாவது குறையட்டும்."

நேற்றுச் சொன்னார். "தம்பி, பாரத்தால இல்லையடா. நான் போட்ட சாப்டாலதான். பழையது இருந்திருந்தா கார் ஏறியிருக்கும்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப, உம்மா இறங்கியிருக்கவே தேவையில்லையா?"

அவன் காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு நடந்து போனான். ஐயோ, பிள்ளைகளுக்காகத்தான் உம்மா இறங்கினார் என்று அவனிடம் மிஞ்சியிருந்த அந்த ஒரு ஆறுதலையும் பறிக்க வைத்தவள் நான். இவர் முகத்தைப் பார்க்க ஏலாமல் வீட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன்.