இருபத்திரண்டு வளைவுகளுக்கு ஒரு பெயர்

மதராஸிலிருந்து வந்த பதிவுத் தபாலை சுவாமிதாஸ் அண்ணன் மூன்று முறை படித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே என்னிடம் நீட்டினார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உருவாக்கிய வீடியோ கேமுக்கு 'மலைராஜா' என்று பெயர் வைத்திருந்தோம். அதே பெயரில் பொம்மை லாரி விற்கிற ஒரு கம்பெனி அதை முன்னமே பதிவு செய்திருக்கிறதாம். பதினைந்து நாளில் நாங்கள் பெயரை விடாவிட்டால் கேஸ் போடுவார்களாம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிற மனுஷன், கோர்ட் இருக்கிற தெருவழியாகக்கூடப் போகமாட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் ஐந்நூறு கேசட் உறைகள் அச்சாகி வந்து, கட்டுக்கூடப் பிரிக்காமல் கிடந்தன. 1986 ஓணம் கண்காட்சிக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

"பிள்ளே, வேற பேரு நோக்கு. ஆருக்கும் சொந்தமில்லாத பேரா இருக்கணும், கேட்டியா?"

"எந்தப் பேரும் ஆருக்காவது சொந்தமாத்தானே அண்ணா இருக்கும்?" என்றேன். வாய்த்துடுக்கு எனக்குக் கூடப்பிறந்தது. ஆனால் ஒரு பெயர் முதல் நாளிலிருந்தே என் மனசில் இருந்தது. வேல்சாமி.

கேம் இதுதான். பொன்முடியிலிருந்து ஒரு லாரி இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து விதுரைக்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் டி.வி. திரையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்குவாள். நிறுத்திக் காத்திருந்தால் பாயின்ட். நிறுத்தாமல் பறந்தால் மறுபடி முதல் வளைவு. "காத்து நின்னா பாயின்ட் கூடுற கேமு லோகத்துல எங்கயாவது உண்டா?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். உண்டு. நான் அப்படித்தான் பள்ளிக்கூடம் போனேன்.

எஸ்டேட் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகளான நாங்கள் காலையில் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் லாரியில்தான் பள்ளிக்கு இறங்குவோம். வளைவு திரும்பினாலே எனக்குக் குமட்டும். ஒரு வாரம் போய்விட்டு, இனி முடியவே முடியாது என்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். கொழுந்து கிள்ள அனுப்பிவிடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. லாரி ஓட்டும் வேல்சாமி மாமாதான், "விடும்வே, நான் நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோறேன்" என்றார். ஏழு வருஷம் அப்படியே கொண்டுபோனார். ஒவ்வொரு வளைவிலும் இன்ஜினை அணைத்து, நான் இறங்கி மூச்சு வாங்கும்வரை பீடி பற்றவைக்காமல் நிற்பார். புகை எனக்கு ஆகாது. ஏன் தினமும் லேட் என்று ஆபீஸ் கிளார்க்கு கேட்டால், "வண்டி சூடாயிட்டு சார்" என்பார். இறக்கத்தில் சூடாகிற லாரி கேரளத்தில் அது ஒன்றுதான். அந்தப் பொய்யில்தான் நான் பத்தாம் வகுப்பு முடித்தேன், பாலிடெக்னிக் போனேன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது எனக்குப் பரீட்சை. ஒரு நாளும் அவருக்கு நன்றி என்று நான் வாய் திறந்து சொன்னதில்லை. உறையில் அவர் படத்தைப் போட்டு, அவர் பெயரை வைத்து, லாரிப் பொம்மை போல ஐந்நூறு வீடுகளுக்குள் அவரை அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வஞ்சியூரில் வக்கீல் ஓமனா சேச்சி கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "ஆளு இறந்து இருபது வருஷம் ஆகல்ல. பேரும் படமும் வச்சா, அவகாசிகளோட, அதாயது பெண்டாட்டி, பிள்ளைகளோட சம்மதம் பேரு பதியுற ரெஜிஸ்ட்ரிக்காரன் கேக்கும். எழுதி வாங்கிட்டு வா உலகம்மா. மதராஸ்ல இருந்து இன்னொரு கடிதம் வந்தா என்னால தாங்காது." சம்மதப் பத்திரத்தை டைப் அடித்துக் கொடுத்தாள். பிழை வந்தால் கையால் எழுதிக்கொள்ள இன்னொரு முத்திரைத்தாளையும், மைப்பெட்டியையும் கொடுத்தாள்.

மறுநாள் பொன்முடி பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கண்டக்டர் திட்டினான். பஸ் நிற்கவில்லை.

மாமாவின் மனைவி மாடம்மாள் அத்தை அப்போதுதான் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். சேலைமேல் போட்டிருந்த முழுக்கை ஆம்பிளைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. கையெழுத்தோ கைநாட்டோ அவள் ஒருத்தியுடையதுதான் வேண்டும். பால் விடாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு, "என்னளா எழுதியிருக்கு, வாசி" என்றாள். மலையாளத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். 'காலஞ்சென்ற என் கணவர் வேல்சாமியின் பெயரை' என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அந்தப் பேருக்கு நான் எப்படிளா கைநாட்டு வைக்கது? வேல்சாமி உசுரோட இருக்கான்."

எனக்குத் தலை சுற்றியது, இந்த முறை வளைவு இல்லாமலே.

"செங்கோட்டைக்காரன். அவன்தான் முன்ன லாரி ஓட்டினான். ஒருநாள் சொல்லாம கொள்ளாமப் போயிட்டான். புது ஆளுன்னா மேல எழுதிப் போடணும், நாளாவும்னு கிளார்க்கு அவன் பேர்லயே இவுகளை உக்கார வச்சுட்டாரு. ரெண்டு மாசத்துக்குன்னாரு. இருவத்தாறு வருசம் ஓடிப்போச்சு. ரேசன் கார்டு, சாவுச் சீட்டு எல்லாம் அவன் பேருதான். போன சித்திரையிலகூட அந்த வேல்சாமி இந்தா இதே இடத்துல இருந்து சாயா குடிச்சான்."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. லயத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அத்தை மட்டும் வாசலில் நின்று, "வேல்சாமீ, கஞ்சி ஆறுது" என்று நீட்டிக் கூப்பிடுவாள். அவளுக்கு மரியாதை தெரியாது என்று என் அம்மா உட்பட எல்லாரும் பேசியிருக்கிறார்கள். அவள் ஒருநாளும் தன் புருஷன் பெயரைச் சொன்னதே இல்லை. நானோ முன்பின் தெரியாத ஒரு செங்கோட்டைக்காரனுக்கு ஐந்நூறு கேசட்டில் நன்றி சொல்லக் கிளம்பியிருந்தேன்.

"அப்போ மாமா பேரு என்ன அத்தை?"

அத்தை சாயாக் கிளாஸை எடுத்து ஓரமாக வைத்தாள். நான் முத்திரைத்தாளை எடுத்து, ஓமனா சேச்சியின் வாசகத்தை வரிக்கு வரி பார்த்து எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டேன். "பேர் இல்லாம பத்திரம் செல்லாது அத்தை. கம்பெனிக்காரன் வருவான், கேஸு வரும். அதுகூடப் போகட்டும். அவர் பேரே எனக்குத் தெரியாதுன்னு நினைச்சா எனக்கு ஆறலை."

"உனக்காக நிறுத்தினதுக்கு மூணு வட்டம் மெமோ வாங்கினாக, தெரியுமா? எல்லாம் வேல்சாமின்னுதான் வந்துச்சு. 'திட்டு அவனுக்குத்தாம்ளா'ன்னு சிரிப்பாக." அத்தையும் சிரித்தாள். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது நல்லதுக்கு அத்தை. இதுவும் வேல்சாமிக்கே போகணுமா?"

"பேரு வெளிய வந்தா உங்களுக்கு ஒண்ணும் வராதே?" என்றும் கேட்டேன். இந்த லயத்து அறை இப்போது அவள் பெயரில்தான், இனி யார் என்ன செய்வார்கள் என்று கையை உதறினாள். பெயரைச் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். உதட்டை ஒருமுறை பிரித்தாள், அப்படியே மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தாள். இடது கைச் சட்டைப் பொத்தானைக் கழற்றி, துணியை மேலே, முழங்கைக்கும் மேலே, சுருட்டிக்கொண்டே போனாள். வெயில் படாத அந்தச் சதையில் பச்சை குத்திய எழுத்துகள் வரிசையாக இருந்தன.

நான் படித்ததெல்லாம் மலையாளம். அன்றைக்குத் தமிழ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். விரலை வைத்து மெல்லப் படித்தேன். இ. ச. க். கி. ஒவ்வோர் எழுத்துக்கும் அத்தை தலையை ஆட்டினாள். ப்பா... ண்... நான் தடுமாறி நின்றபோதும் அவசரப்படுத்தாமல், கையை அசைக்காமல், காத்துக்கொண்டிருந்தாள்.