வாட்டம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி வாயைக் கொப்பளித்து, மனைவி நீட்டிய கிண்ணத்தில் துப்பினார். "பித்தளைக் குழாயை நக்கின மாதிரியே இருக்கு."

"நக்கிப் பாத்திருக்கீங்களா?" அவள் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"பிளம்பருக்கு வேற என்ன பொழப்பு?"

அமீபாவைக் கொல்லும் மருந்து நரம்பு வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கசப்பு அதனுடையதுதான் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கல்லீரலில் வளர்ந்த சீழ்க்கட்டி முந்தின நாள் வயிற்றுக்குள் உடைந்துவிட்டது. அறுத்துக் கழுவி, விலாவோரம் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். செங்கல்லைக் கரைத்ததுபோல ஏதோ அதில் வடிந்தது.

டாக்டர் வந்தார். "என்ன, முகம் வாட்டமா இருக்கே?"

"வாட்டம் இருந்தாத்தான் சார் ஓடும்."

டாக்டர் விழித்தார். "குழாய் வேலைல சரிவுக்கு வாட்டம்னு சொல்லுவாங்க சார்" என்றாள் அவள். டாக்டர் சிரித்துவிட்டார்.

வார்டு வாசலுக்கு அவளை அழைத்துப் போனபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"வலது தோள்ல வலின்னு சொன்னாராம்மா?"

"கொஞ்ச நாளாவே. ரெஞ்சு புடிக்கிற கையாச்சேன்னு தைலம் தேச்சுவிட்டேன்."

"கல்லீரல்ல கட்டி வந்தா சில பேருக்கு வலி அங்க தெரியும். யாரா இருந்தாலும் தைலம்தான் தேச்சிருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நல்ல மருந்துதான். உடையிறதுக்கு முன்னாடி குடுத்திருந்தா கட்டி அடங்கியிருக்கும். இப்ப சீழ் ரத்தத்துலயும் கலந்துருச்சு. இன்னைக்குத் தாண்டணும்."

அவள் திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"நல்ல மருந்தாம்."

"தோளைப் பத்திக் கேட்டாரா?"

அவள் போர்வையைச் சரிசெய்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ தேச்சது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "தைல சீசா பையில இருக்கா?"

இருந்தது. தேய்த்தாள். "இன்னும் கீழ" என்றார். கையைக் கீழே இறக்கித் தேய்த்தாள். பொழுது சாயும்போது தோள் அவள் கைக்குள் கனத்தது.

மறுநாள் சாவுக்குத் தெருவே வந்திருந்தது. எதிர்வீட்டு டெய்லர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்து சாக்கடைக்குள்ள கைய விட்டுருவாரு. நாம மூக்கைப் பொத்தினா திட்டு விழும், 'உங்க வீட்டுதுதானேய்யா'ன்னு."

அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, அவள் பின்கட்டில் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். வாளியில் மிஞ்சியதை, அவர் வாட்டம் பார்த்துப் போட்ட தரையில் சாய்த்தாள். தண்ணீர் எங்கும் தேங்காமல் மூலைத் துவாரத்தைத் தேடி ஓடியது.

குழாயைத் திறந்து இன்னொரு வாளி பிடித்து, அதையும் சாய்த்தாள்.