கப்பல் சங்குக்குச் சுருதி சேர்த்தவர்கள்

அந்த நாலு பேரும் வாசித்த இடத்திலெல்லாம் கணுக்கால் அளவுக்குக் கடல்தண்ணீர் ஏறியது. தூத்துக்குடியில் என்றால் பக்கத்திலேயே கடல் இருக்கிறது, ஏதோ ஊற்று என்று சமாதானம் சொல்லலாம். எட்டயபுரத்துக் கல்யாண வீட்டிலும் ஏறியது. பாட்டு முடிந்ததும் வடிந்துவிடும். தரையில் படிந்த உப்பை வீட்டுப் பெண்கள் வழித்தெடுத்து ஊறுகாய்க்கு வைத்துக்கொண்டார்கள். கடை உப்பைவிடக் கரிப்பு கொஞ்சம் தூக்கல் என்பதைத் தவிர வேறு புகார் இல்லை.

குழு சேர்ந்தது 1974இல். நாசரேத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போன செல்லோவை, தரையில் ஊன்றி வாசிக்கிற அந்தப் பெரிய வயலினை, ஜேசுபாதம் வாத்தியார் மகள் ஜெபகனி வாசித்தாள். அவளோடு படித்த அற்புதமணி முதல் வயலின். இரண்டாம் வயலின் சங்கரபாண்டியன், தாமிரபரணிக்கரை நெல்வயல் ஊர்க்காரன், கச்சேரி வாசித்துப் பழகியவன். நாற்காலி போட்டுக் கொடுத்தால் அதன்மேலும் சம்மணம் போட்டுத்தான் உட்காருவான். வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வயோலா தேவதாசனுக்கு. துறைமுகத்தில் குமாஸ்தா. ஜெபகனிக்கு நிச்சயித்த மாப்பிள்ளையும் அவன்தான்.

தப்பு, அவர்கள் சுருதி சேர்த்த விதத்தில் நடந்தது. உப்பு வியாபாரி ஆவுடையப்பனின் குடோனில் முதல் ஒத்திகை. கொண்டுவந்த சுருதிப்பெட்டி மூச்சு விடவில்லை. அந்த நேரம் பார்த்துப் புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது.

"இதவிட நெலையான சுருதி எங்கன கெடைக்கும்?" என்றான் தேவதாசன்.

"கப்பலுக்கு யாரு அண்ணாச்சி சுருதி சேத்தா?" என்று சங்கரபாண்டியன் கேட்டான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு பேரும் சங்குக்கே சேர்த்தார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் குடோனில் பாதி உப்பு கரைந்துவிட்டது. பிறகு சுருதியை இறக்கிப் பார்த்தார்கள், ஏற்றிப் பார்த்தார்கள். விடிந்தால் கம்பிகள் தாமாகவே சங்கின் சுருதிக்குத் திரும்பியிருந்தன.

ஆனாலும் பிழைப்பு நடந்தது. ஜனங்களுக்கு எதுவும் பழகிவிடும். வேம்பாரிலிருந்து நாசரேத்வரை கூப்பிட்டார்கள். கேட்க வந்தவர்கள் சங்கரபாண்டியனைப் பார்த்து நாற்காலியில் சம்மணம் போடக் கற்றுக்கொண்டார்கள். செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிறவளுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் தேவதாசன் போகிற இடத்துக்கெல்லாம் அடியில் உயரக் கட்டை அடித்த ஒரு பலகையைச் சுமந்துபோய், ஜெபகனியின் காலுக்குப் போட்டுவிட்டுத்தான் தன் இடத்தில் உட்காருவான்.

உப்புக்காற்றில் கம்பிகள் துருப்பிடித்து அறுந்தன. செல்லோக் கம்பி சென்னையில்கூடச் சுலபமாகக் கிடைக்காத காலம். 1976 வைகாசியில் தேவதாசன் லீவு போட்டுவிட்டு, தோணி ஓடுகிற பருவம் முடிவதற்குள் கொழும்புக்குப் புறப்பட்ட தோணியில் சமையல் ஆள் என்று பேர் கொடுத்து ஏறினான். தோணி திரும்பியது, அவன் திரும்பவில்லை. கம்பி தேடிக் கடைத்தெருவுக்குப் போனவன் வந்து சேரவில்லை, காற்று மாறுமே என்று கிளம்பிவிட்டோம் என்றார் தோணி நடத்திய தண்டல் செந்தூர்பாண்டி. அதற்குப் பின்னால் கொழும்பிலிருந்து புறப்பட்ட இன்னொரு தோணி கரை சேரவே இல்லை. அதில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

"அவன் அங்கன எவளையாவது சேத்துக்கிட்டிருப்பாம்ளா. நீ இங்கன காத்துக் கெட," என்றார் ஜேசுபாதம். ஒரு வருஷம் பொறுத்துவிட்டுச் சாத்தான்குளத்தில் வேறு மாப்பிள்ளை பார்த்தார். ஜெபகனி செல்லோவைத் தொடவில்லை. வாசித்தால் தண்ணீர் வரும், தண்ணீர் எதையாவது கொண்டுவந்துவிடும். அதுவரைக்கும் அவன் துரோகியாகவாவது எங்கேயோ உயிரோடு இருப்பான். அது போதும் என்று இருந்தாள்.

ஆவுடையப்பன் தன் மகள் கல்யாணத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார். சாத்தான்குளத்துக்காரர்களும் அங்கே வருகிறார்கள், அன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்றார் ஜேசுபாதம். ஜெபகனி முடியாது என்று படுத்துக்கொண்டாள்.

"ஏளா, ஒங்க அப்பாக்கு ஒரு பதில் சொல்லித்தான ஆவணும்?" என்றாள் அற்புதமணி. "அவன் என்ன ஆனாம்னு தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லு."

பலகையை அன்று ஜெபகனியே தூக்கிப்போய்ப் போட்டுக்கொண்டாள். செல்லோவில் ஒரு கம்பி அறுந்தபடியே இருந்தது, மிச்சத்தை வைத்து வாசித்தாள். மூன்று பேர் வாசித்தார்கள், நாலாவது நாற்காலி சும்மா கிடந்தது. பாதிப் பாட்டில் தண்ணீர் ஏறியது. பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமல் காலை மடக்கிக்கொண்டார்கள். சாத்தான்குளத்துக்காரர்கள் மட்டும் பதறி எழுந்தார்கள். நாற்காலிகளுக்கு ஊடே ஒரு தகர டப்பா மிதந்து வந்து, ஜெபகனியின் பலகையில் இடித்து நின்றது.

மூடியைச் சுற்றி அரக்கு வைத்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லாமல் செல்லோக் கம்பிகள். இந்தக் கரை முழுக்க அந்தக் கம்பி கேட்க அவளைத் தவிர ஆள் கிடையாது. தன் வயோலாவுக்கு அவன் ஒன்றுகூட வாங்கியிருக்கவில்லை.

அவன் அவளை விட்டுப் போகவில்லை. அவளிடம் வருகிற வழியில்தான் போய்விட்டான். ஜெபகனி வாய்விட்டு அழுதாள். கல்யாண வீட்டில் அழக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜேசுபாதம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார்.

"போதும்ளா. நாந்தான் அவனத் தப்பாச் சொல்லிட்டேன். வா, வீட்டுக்குப் போவம்."

"இன்னும் பாதிப் பாட்டு இருக்குப்பா."

அறுந்த கம்பியை எடுத்துவிட்டுப் புதுசைப் பூட்டினாள். பலகையைத் தள்ளிவிட்டு இரண்டு காலையும் தண்ணீரில் வைத்தாள். கம்பியில் வில்லைப் போட்டதும், வெறும் நாற்காலிக்குக் கீழே தண்ணீருக்குள்ளிருந்து வயோலா வாசிக்க வேண்டிய பாகம் ஒலித்து எழுந்தது.

அதற்குப் பிறகும் அவர்களுக்கு நால்வர் குழு என்றே பெயர். கூப்பிட்டவர்கள் நாலு நாற்காலி போட்டார்கள். தேவதாசன் சில சமயம் பாட்டில் பிந்திவிடுகிறான் என்று சங்கரபாண்டியன் குறைப்பட்டுக்கொள்வான். கால் நனைகிறதே என்று யாராவது பலகை கொண்டுவந்தால், ஜெபகனி வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.