மேடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே

எங்கள் வீட்டில் தெருவுக்கு வரைபடம் போடுகிறவள் நான். அந்தத் தெருவில் பஸ் ஓட்டுகிறவர் என் கணவர். பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

கடைத்தெருவை மாற்றியமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஓரத்தில் நின்ற கார்களைக் கிளப்பிவிட்டு நடைபாதையை அகலமாக்கினேன். சைக்கிளுக்குத் தனிப் பாதை பிரித்தேன். கடைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வாசலில் பெஞ்சு போட இடம் கிடைத்ததும் அடங்கிப்போனார்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் மட்டும், பஸ்ஸின் தரை மட்டத்துக்கே ஒரு மேடை கட்டினேன். படி ஏற வேண்டாம், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதுபோலப் போகலாம். யாரை நினைத்துக் கட்டினேன் என்பதை ஒளிப்பானேன்? என் கொழுந்தனை நினைத்துத்தான். சின்ன வயதிலிருந்தே சக்கர நாற்காலியில் இருப்பவன். அண்ணன் பஸ் ஓட்டும் ஊரில் தம்பி ஒருநாளும் பஸ் ஏறியதில்லை.

சோதனை ஓட்டத்தன்று இஸ்திரி போட்ட சட்டையோடு மேடையில் காத்திருந்தான். என் கணவரின் பஸ் வந்து நின்றது. நடுவே ஒரு சாண் இடைவெளி. நாற்காலியின் முன்சக்கரம் அதில் விழுந்துவிடும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். எனக்கு அந்தச் சாணே ஏறவில்லை.

"பரவால்ல அண்ணி, நல்லா வெயில் காஞ்சாச்சு" என்று சிரித்தான் கொழுந்தன். இன்னொரு தடவை பார்ப்போம், சரிவராவிட்டால் மேடையை இடித்துவிடலாம் என்றார் என் மேலதிகாரி.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "ஒட்டி நிறுத்துனா என்னவாம்?"

"டயர் உரசும்."

"உரசட்டுமே."

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே. உரசுன டிரைவர் பேரை டிப்போ போர்டுல எழுதி வைப்பாங்க. இத்தனை வருஷத்துல என் பேரு அதுல ஏறுனதே இல்ல."

அவருக்கு அதுதான் பட்டம், பதவி எல்லாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே யோசித்தேன். பாதித் தப்பு என்னுடையதுதான். கத்தி முனைபோல விளிம்பு வைத்தால் எந்த டிரைவர் கிட்டே வருவார்? விளிம்புக் கற்களைப் பெயர்த்துவிட்டு, வழவழப்பான சரிவுக் கற்களைப் பதித்தேன். டயர் அதில் சாய்ந்து வழுக்கிக்கொண்டே வரலாம், கிழியாது. ஆனால் டயரில் வெள்ளையாகக் கறை படும். கறை பட்டாலும் போர்டில் பெயர் ஏறும் என்று டிப்போ மேலாளர் சொல்லிவிட்டார். அதையும் கணவரிடம் மறைக்கவில்லை. அவர் சாப்பிட்டு எழுந்துபோனார்.

மறுபடியும் அதே சட்டை, அதே மேடை. பஸ் வந்து நின்றது. அதே ஒரு சாண்.

ஆனால் கதவு திறக்கவில்லை. பஸ் மெல்ல முன்னால் ஊர்ந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியது. டயர் கல்லில் உரசும் சத்தம் பெஞ்சுக்காரர்கள் எல்லோருக்கும் கேட்டது. அப்புறம்தான் கதவு திறந்தது. நடுவில் என் விரல்கூட நுழையாது.

கொழுந்தன் சர்ரென்று உள்ளே போய்விட்டான்.

"அண்ணா, பாத்து ஓட்டு. உள்ள ஆள் இருக்கு."

"மூடிட்டு உக்காருடா" என்றார் அண்ணன். நான் அழுதேன், அதில் வெட்கமென்ன?

மறுநாள் டிப்போ போர்டில் முதல் தடவையாக என் கணவரின் பெயர் ஏறியது. அதைப் பார்த்தே தீருவேன் என்று கொழுந்தன் கிளம்பிப் போனான். தனியாக, பஸ்ஸில்.